வாட்ஸ்அப்ல கர்ப்பிணித் தாய்மாருக்கு ஆபத்து அறிகுறி சொல்லிக்குடுக்குறது: எங்க டிவிசன்ல செஞ்ச முறை

நான் இலங்கையில பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலை தோட்டத்துல பிள்ளைக்காம்பிராவுல, அதாவது வேலைக்கி போற அம்மாமாரோட பிள்ளைங்களை பாத்துக்கிற எடத்துல, வேலை செய்றேன். எங்க டிவிசனுக்கு (தோட்டத்தோட ஒரு பிரிவு) வர்ற மிட்வைஃப் மிஸ்ஸும் நானும் சேர்ந்து கர்ப்பிணித் தாய்மாருக்கு போன்லயே ஆபத்து அறிகுறிகளை சொல்லிக்குடுக்குற ஒரு வேலையை நடத்திக்கிட்டு வர்றோம். பக்கத்து தோட்டங்கள்ல இருந்து ரெண்டு மூணு பேர் எப்புடி செய்றீங்கன்னு கேட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும்.

ஏன் போன்னு கேட்டா, கிளினிக்ல சொல்லாம இல்ல, மிஸ் ஒவ்வொரு தடவையும் சொல்லுவாங்க. ஆனா கிளினிக் நாள்ல நெறுவை, பிரஷர், யூரின் டெஸ்ட், திரிபோஷ சத்துமா, வரிசைன்னு காலையே முடிஞ்சிரும், அரை பேர் (அரை நாள் சம்பளம்) போயிருமேன்னு கொழுந்து மலைக்கி திரும்பி ஓடுற பொம்பளைங்களும் இருக்காங்க, அந்த அவசரத்துல பத்து அறிகுறியை ஒரே மூச்சுல சொன்னா எது காதுல நிக்கும்? அதே விசயத்தை ஒவ்வொண்ணா, வீட்டுல அடுப்படியில உக்காந்து கேக்குற மாதிரி குடுத்தா நிக்கும்னு தான் ஆரம்பிச்சோம். தென்னாபிரிக்காவுல 2014ல இருந்து மொம்கனெக்ட்னு அரசாங்கமே இப்புடி ஒண்ணு நடத்துது, கர்ப்பிணி பதிஞ்சோன மாசத்துக்கு ஏத்த மாதிரி போனுக்கு மெசேஜ் வரும், பிறகு வாட்ஸ்அப்லயும் குடுக்க ஆரம்பிச்சாங்க. மிஸ் அதப்பத்தி ஒரு ட்ரெயினிங்ல கேட்டுட்டு வந்து சொன்னாங்க. அவ்வளவு பெருசா நம்மளால முடியாது, ஆனா மாசத்துக்கு ஏத்த மாதிரி பிரிச்சி சொல்ற யோசனை அங்க இருந்து தான் கிடைச்சிச்சு.

முதல்ல தீர்மானிக்க வேண்டியது குரூப்பா, பிராட்காஸ்ட் லிஸ்ட்டாங்கிறது. குரூப்புல போட்டா ஒருத்தரோட நம்பர் எல்லாருக்கும் தெரியும், யார் மாசமா இருக்கான்னும் தெரியும். நம்ம பக்கம் மூணு மாசம் முடியிற வரைக்கும் பக்கத்து காம்பிராவுக்கே சொல்லமாட்டாங்க, கண்ணு படும்னு பயம், அந்த பயத்தை நாம மதிக்கணும். புருசன் வெளிநாட்டுல இருக்குற பொம்பளைங்க நம்பரை வேற ஆளுங்க எடுத்து தொந்தரவு பண்றதும் நடக்கும். அதனால எல்லாரையும் பிராட்காஸ்ட் லிஸ்ட்ல தான் சேக்குறோம், அதுல ஒவ்வொருத்தருக்கும் தனி மெசேஜா தான் போகும், மத்தவங்க யாருன்னு தெரியாது. ஆனா ஒரு விசயம், அவங்க போன்ல நம்ம நம்பர் சேவ் ஆகியிருந்தா மட்டும் தான் பிராட்காஸ்ட் போய்ச்சேரும். வாயால சொன்னா சேவ் பண்ணமாட்டாங்க, கிளினிக்ல வச்சே அவங்க போனை கையில வாங்கி "கிளினிக் அக்கா"ன்னு போட்டு சேவ் பண்ணி, அங்கயே ஒரு ஹலோ வொய்ஸ் அனுப்பி அது போய்ச்சேருதான்னு பாத்துட்டு தான் விடுவேன்.

குரூப்பும் ஒண்ணு இருக்கு, அஞ்சு மாசத்துக்கு மேல உள்ளவங்களுக்கு, விருப்பமுள்ளவங்களுக்கு மட்டும். அதுல பேசலாம், கேள்வி கேக்கலாம். பிராட்காஸ்ட்ல பாடம், குரூப்புல பேச்சு, இப்புடி பிரிச்சிட்டா குழப்பமில்ல.

லிஸ்ட்ட எப்புடி பிரிக்கிறதுன்னா, என் போன்ல ஒவ்வொருத்தர் பேருக்கும் முன்னால பிள்ளை கிடைக்கிற வருசத்தையும் மாசத்தையும் போட்டு சேவ் பண்ணுவேன், பங்குனியில தேதின்னா 2026-03ன்னு ஆரம்பிக்கும். அப்ப கொண்டாக்ட் தானாவே தேதி வரிசையில வந்து நிக்கும், யாருக்கு எந்த வொய்ஸ் போகணும்னு மேல இருந்து கீழ பாத்தாலே தெரிஞ்சிரும். கொப்பி தேவையில்ல. போனுக்கு லொக் கட்டாயம் போடணும், இது என் வீட்டு ஆளுங்க கூட பாக்கக்கூடாத விசயம்.

எழுத்துல அனுப்புறதில்ல, எல்லாமே வொய்ஸ். வாசிக்க கஷ்டப்படுற அம்மாமார் இருக்காங்க, வாசிக்கத் தெரிஞ்சவங்களும் பகல் முழுக்க கொழுந்து எடுத்துட்டு வந்து நீளமா எழுதுனதை வாசிக்கமாட்டாங்க. வீடியோ அனுப்புனா டேட்டா தின்னும், பள்ளத்து லயத்துல (தோட்டத்து வரிசை வீடு) சிக்னல் ஒரு கோடு தான், சுத்திக்கிட்டே நிக்கும். ஒரு நிமிசத்து வொய்ஸ் எந்த சிக்னல்லயும் எப்புடியாவது எறங்கிரும். அனுப்புற நேரம் பின்னேரம் ஏழு மணிக்கி மேல, ஏன்னா பகல்ல போன் வீட்டுல பிள்ளைங்க கையில தான் இருக்கும், அம்மா மலையில இருப்பாங்க.

ஒரு வொய்ஸ்ல ஒரு அறிகுறி மட்டும் தான். கட்டாயம் நாலு விசயம் இருக்கணும்: அறிகுறி எப்புடி இருக்கும், எதோட அதை மாத்தி நெனச்சிக்குவாங்க, ஏன் ஆபத்து, இப்ப என்ன செய்யணும். கடைசி ரெண்டு வசனம் எப்பவும் ஒரே மாதிரி இருக்கும், அதை மாத்தவே மாட்டோம். தலையிடி வொய்ஸை அப்புடியே போடுறேன் (1990ங்கிறது இலவச அம்புலன்ஸ் நம்பர், கார்டுங்கிறது கர்ப்பகால கார்டு):

"வணக்கம் அக்கா, கிளினிக் அக்கா பேசுறேன். அஞ்சு மாசத்துக்கு மேல தலையிடி பலமா வந்து, பெனடோல் போட்டும் போகாம இருந்தா, கண்ணு மங்கலா தெரிஞ்சா, கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குற மாதிரி மின்னுனா, வெயில்ல நின்னதால பனியில நனைஞ்சதாலன்னு நெனச்சி பாம் தடவிட்டு படுக்கவேணாம். நெஞ்சுக்குழிக்கு கீழ வலது பக்கம் வலிச்சாலும் அது கேஸ்ட்ரைட்டிஸ்னு நீங்களா முடிவு பண்ணவேணாம். பிரஷர் கூடியிருக்கலாம், கூடுனா வலிப்பு வரலாம், அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஆபத்து. ராத்திரியா இருந்தாலும் இப்பவே மிஸ்ஸுக்கு எடுங்க, மிஸ் எடுக்காட்டி 1990க்கு எடுங்க. கார்டை கையில எடுத்துக்கங்க."

அவ்வளவு தான், ஒரு நிமிசம் வராது. இதை என் குரல்ல பேசி மிஸ்ஸுக்கு அனுப்புவேன், அவங்க கேட்டு சரின்னு சொன்ன பிறகு தான் மத்தவங்களுக்கு போகும். வைத்தியம் சம்பந்தமா ஒரு சொல் கூட நானா சேக்குறதில்ல. இதுல கண்டிப்பா இருக்கணும், நல்ல மனசு மட்டும் போதாது, ஒரு தப்பான சொல் ஒரு உயிரை காவு வாங்கிரும்.

வீக்கத்தை பத்தின வொய்ஸுக்கு தான் ரொம்ப நேரம் எடுத்திச்சு. மலையில நாள் முழுக்க நிக்கிற பொம்பளைக்கு கணுக்கால் வீங்கத்தான் செய்யும், காலை ஒசத்தி வச்சி படுத்தா விடியிறப்ப கொறஞ்சிரும், அதுக்கெல்லாம் பயம் காட்டுனா அடுத்து நாம சொல்ற எதையும் நம்பமாட்டாங்க. அதனால வித்தியாசத்தை சொன்னோம்: காலையில எந்திரிக்கிறப்பவே முகம் ஊதியிருந்தா, கை வீங்கி மோதிரம் வளையல் இறுகுனா, திடீர்னு வீக்கம் கூடுனா, அன்னைக்கே பிரஷர் பாக்கணும். பிரஷர் 140க்கு 90 அல்லது அதுக்கு மேலன்னா கூடுதல்னு கார்டுல பாத்தே தெரிஞ்சிக்கலாம்னும் சொல்லிக்குடுத்தோம், நம்பரை பாக்கத் தெரிஞ்சதுல நிறைய பேருக்கு சந்தோசம். கிளினிக்ல பிரஷர் பாத்த ஒடனே "எவ்வளவு மிஸ்?"னு கேக்குறாங்க இப்ப.

பிள்ளை அசையிறது பத்தி ஒரு பிழையான நம்பிக்கை நம்ம பாட்டிமார்கிட்ட இருக்கு, மாசம் ஏற ஏற எடம் பத்தாம பிள்ளை அசையாதுன்னு. அது சரியில்ல, பிரசவம் வரைக்கும் அசைஞ்சிக்கிட்டே தான் இருக்கணும், வழக்கத்தை விட கொறஞ்சாலோ நின்னாலோ விடியிற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கக்கூடாது. இதை ஏழு மாசத்துக்கு மேல உள்ளவங்களுக்கு திரும்பத்திரும்ப அனுப்புறோம். ரத்தம் படுறது எந்த மாசமா இருந்தாலும், வலி இருந்தாலும் இல்லாட்டியும், கொஞ்சமா இருந்தாலும் சொல்லணும். பன்னீர்க்குடம் ஒடைஞ்சி தண்ணி போனா வலி வரட்டும்னு வீட்டுல இருக்கக்கூடாது. காய்ச்சல் வந்தா முதல் நாளே காட்டணும், டெங்கு, எலிக்காய்ச்சல் எல்லாம் நம்ம நாட்டுல இருக்குறதால கர்ப்பிணிக்கு காத்திருக்க நேரமில்ல, கடையில வாங்குற வலி குளுசை எதுவும் போடவும் கூடாது. படியேறுறப்ப வழக்கமில்லாத மூச்சுவாங்கல், ராத்திரி மல்லாந்து படுக்க முடியாத மூச்சுத்திணறல், இது இருதய நோயாவும் இருக்கலாம், இலங்கையில பிரசவ காலத்துல தாய்மார் சாகுறதுக்கு முக்கியமான காரணங்கள்ல இருதய நோயும் ஒண்ணு. மலையேறுனா எல்லாருக்கும் மூச்சு வாங்கும் தானேன்னு விட்டுர்றது தான் நம்ம பக்கத்து வழக்கம்.

இதுக்கு நடுவுல ஒரு சின்ன விசயம், ஆனா தேயிலை தோட்டத்துல இதை சொல்லாம விடக்கூடாது. கிளினிக்ல குடுக்குற இரும்புச்சத்து குளுசையை சாயத்தண்ணியோட போடுறாங்க. தேயிலையில உள்ள சத்து இரும்பை உடம்புல சேரவிடாம தடுக்கும், ஒரு மணித்தியாலம் ரெண்டு மணித்தியாலம் இடைவெளி விடணும், கல்சியம் குளுசையையும் அதோட சேத்து போடக்கூடாது. நாம பறிக்கிற கொழுந்தே நம்ம ரத்தத்தை ஊறவிடாம பண்ணுதுன்னு ஒரு அக்கா குரூப்புல சொன்னாங்க, எனக்கு மனசு கனத்துப்போச்சு. ரத்தம் கொறைவா இருக்குற பொம்பளைக்கு பிரசவத்துல கொஞ்சம் ரத்தப்போக்கு வந்தாலே தாங்காது, அதனால இதுவும் ஆபத்து அறிகுறி பாடத்துல ஒரு பகுதி தான்.

இனி சொல்லப்போறது தான் இந்த வேலையில நான் படிச்ச முக்கியமான விசயம். வொய்ஸ் எல்லாம் கேக்குறாங்களான்னு நீலக்குறி காட்டும், ஆனா புரிஞ்சிச்சான்னு காட்டாது. அதுக்காக வாரக்கடைசியில குரூப்புல ஒரு கேள்வி போடுவோம், சரியா பிழையான்னு இல்ல, கதை மாதிரி. "ராத்திரி ரெண்டு மணி, வெளிய மழை, ரத்தம் படுது. நீங்க முதல்ல என்ன செய்வீங்க?" பதில் வொய்ஸ்ல வந்திச்சு. ஆபத்துன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்திச்சு. ஆனா ஒருத்தர் "மாமிய எழுப்பி கேப்பேன்"ங்கிறாங்க, ஒருத்தர் "அவரு கொழும்புல, அவருக்கு எடுப்பேன்"ங்கிறாங்க, ஒரு தங்கச்சி "விடிஞ்சோன போவேன் அக்கா, ராத்திரி த்ரீவீல் காசு நாலு மடங்கு"ன்னா. அறிகுறி தெரியாததால யாரும் நிக்கல, முடிவு அவங்க கையில இல்லாததால தான் நிக்கிறாங்க. கர்ப்பிணிக்கு மட்டும் பாடம் நடத்திக்கிட்டிருந்தா பாதி வேலை தான் ஆகும்.

அதுல இருந்து ரெண்டு லிஸ்ட் கூட்டுனோம், மாமியாருக்கும் அம்மாவுக்கும் ஒண்ணு, புருசன்மாருக்கு ஒண்ணு, கர்ப்பிணிகிட்ட கேட்டு அவங்க சம்மதிச்சா மட்டும் சேக்குறது. மாமியார் வொய்ஸ் வேற மாதிரி பேசணும். அவங்க வீட்டுலயே பிள்ளை பெத்து வளர்த்தவங்க, "நாங்கெல்லாம் பெக்கலையா"ன்னு கேப்பாங்க, அதுவும் நியாயம் தான். அதனால "மாமி, ஒங்களுக்கு தெரியாததில்ல, மருமகளை பக்கத்துல இருந்து பாக்குறது நீங்க தான், காலையில அவ முகத்தை பாருங்க, ஊதியிருந்தா நீங்க தான் முதல்ல சொல்லணும்"னு அவங்ககிட்டயே பொறுப்பை குடுத்தோம். மாமியாருங்க தான் இப்ப எங்களுக்கு பெரிய பலம். பட்டன் போன் மட்டும் உள்ள வீடுகளுக்கு பக்கத்து காம்பிரா ஆள் ஒருத்தரை பேசி வச்சிருக்கோம், அவங்க போய் போட்டுக்காட்டுவாங்க, யாருக்கு யார்னு கர்ப்பிணியே தான் தெரிவு செய்யணும்.

புருசன்மார் வொய்ஸ்ல அறிகுறி கொஞ்சம், ஏற்பாடு நிறைய. ராத்திரி வர்ற த்ரீவீல்காரர் நம்பர் ரெண்டு, கொஞ்சம் காசு தனியா எடுத்து வைக்கிறது, வீட்டுல பெரிய பிள்ளைங்களை யார் பாக்குறது, எல்லாத்துக்கும் மேல லயத்துல இருந்து ரோட்டுக்கு யார் தூக்கிட்டு எறங்குறது. எங்க மேல் லயத்துக்கு வாகனம் ஏறாது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் 2016ல மேல், தென் மாகாணத்துல ஆரம்பிச்சு பிறகு நாடு முழுக்க வந்திச்சு, காசு இல்ல, டேட்டாவும் தேவையில்ல, சாதாரண கோல் எடுத்தா போதும். ஆனா எங்க வரணும்னு சொல்லத் தெரியணும். தோட்டத்து பேரை சொன்னா மட்டும் போதாது, பக்கத்து டவுன், டிவிசன் பேரு, எந்த கோயில் சந்தியில நிக்கிறோம்னு சொல்லணும். அதை ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு தாள்ல எழுதி கதவுக்கு பின்னால ஒட்டச்சொன்னோம், நம்பர்களையும் சேத்து. 2025 நவம்பர்ல டித்வா புயல் வந்தப்ப மண்சரிவுல ரோடும் போச்சு, போனும் வேலை செய்யல, அந்த நேரம் வாட்ஸ்அப் எதுக்கும் ஆகாது, கதவுல ஒட்டுன தாளும் தூக்க வர்ற ஆளும் தான். மழைக்காலம் தொடங்குறப்ப மாசம் நிறைஞ்சவங்களை முன்கூட்டியே டவுனுக்கு கிட்ட சொந்தக்காரங்க வீட்டுக்கு போகச்சொல்றதும் இப்ப ஒரு வொய்ஸா போகுது.

ஒரு தடவை எட்டு மாசத்து தங்கச்சி ஒருத்திக்கி தலையிடி. அவ யாருக்கும் சொல்லல, சாம்பிராணி புகைக்கி வந்ததுன்னு நெனச்சிட்டா. மாமியார் தான் வொய்ஸை கேட்டிருந்தாங்க, முகத்தை பாத்துட்டு மகனுக்கு எடுத்து, மகன் கொழும்புல இருந்து த்ரீவீல்காரருக்கு எடுத்து, நான் கேள்விப்படுறதுக்குள்ள அவ ஆஸ்பத்திரியில. பிரஷர் 160க்கு மேல. பிள்ளை சின்னதா தான் பொறந்திச்சு, தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. அந்த மாமியார் தான் இப்ப எனக்கு வொய்ஸ் பேச உதவி செய்றாங்க, அவங்க குரல்ல போனா மத்த மாமியாருங்க மறுபேச்சு பேசாம கேக்குறாங்க.

ஆஸ்பத்திரிக்கி போய்ச்சேந்தா எல்லாம் முடிஞ்சிரும்னும் நெனைக்கக்கூடாது. ஒரு எடத்துல பிள்ளை அசையலன்னு போனவங்களை ஒழுங்கா கேக்காமலே நாளைக்கி வாங்கன்னு அனுப்பப் பாத்தாங்க, அவங்களுக்கு தமிழ் வெளங்கல, நம்ம ஆளுக்கு சிங்களம் வராது, பயந்து பேசாம நின்னுட்டா. பிறகு மிஸ் போன்ல பேசி தான் வார்ட்டுக்கு எடுத்தாங்க. அதுக்கு பிறகு சிங்களத்துல மூணே மூணு வசனம் வொய்ஸா அனுப்பி பழக்குறோம்: "லே யனவா", "ஒளுவ ரிதெனவா", "பபா ஹெலவென்னே நே". ரத்தம் போகுது, தலை வலிக்கிது, பிள்ளை அசையல. இந்த மூணையும் சொல்லி கர்ப்பகால கார்டை நீட்டுனா போதும், மிச்சத்தை கார்டு சொல்லும், ரத்த வகை, பிரஷர், முந்துன பிரசவம் எல்லாம் அதுல இருக்கு. அனுப்பப் பாத்தாலும் "மிஸ்ஸோட பேசுங்க"ன்னு போனை போட்டு குடுக்கச்சொல்லியிருக்கோம். நம்ம பொம்பளைங்க சத்தமா கேக்கப் பழகணும், அது அவங்க உரிமை.

குரூப்புல கட்டுப்பாடு வேணும். பப்பாளி, குங்குமப்பூ, ஆண்பிள்ளையா பொம்பளைப்பிள்ளையான்னு வயித்தை பாத்து சொல்றதுன்னு ஃபோர்வர்ட் வந்து குவியும், அதனால ஃபோர்வர்ட் கூடாதுன்னு வச்சிருக்கோம், யாராவது போட்டா அழிச்சிட்டு தனியா மரியாதையா சொல்லுவேன். ஸ்கேன் படம், கார்டு படம் குரூப்புல போடக்கூடாது. அவசரத்தை குரூப்புல எழுதக்கூடாது, குரூப்பை எல்லாரும் பாக்குற நேரம் வேற, கோல் எடுக்கணும், இதை குரூப்போட பேருக்கு கீழயே வொய்ஸ் வராத எடத்துல எழுத்துல போட்டு வச்சிருக்கேன். மிஸ்ஸுக்கு அந்தளவு ஏரியா இருக்கு, எல்லா கேள்வியையும் அவங்க தலையில போடமுடியாது, நான் பகல்ல சேத்து வச்சி ராத்திரி ஒண்ணா கேட்டு பதில் சொல்லுவேன்.

ஒரு விசயத்துல மட்டும் ரொம்ப கவனமா இருங்க. பிள்ளை தங்காம போன அம்மாவுக்கு "ஒங்க பிள்ளை இப்ப அசைய ஆரம்பிக்கும்"னு வொய்ஸ் போயிரக்கூடாது. அதனால ஒவ்வொரு தடவையும் அனுப்புறதுக்கு முன்னால மிஸ்கிட்ட ஒரு வார்த்தை கேப்பேன், லிஸ்ட்ல யாருக்காவது ஏதாவதுன்னு. அப்புடி நடந்தா அவங்களை சத்தமில்லாம லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டு, நேர்ல போய் பாக்குறது. போன்ல ஆறுதல் மெசேஜ் அனுப்புறதில்ல.

பிரசவத்துக்கு பிறகும் ஆபத்து முடியல, அதனால பிள்ளை கிடைச்சவங்களை வேற லிஸ்ட்டுக்கு மாத்துறோம், ஆறு கிழமைக்கு. துணி நனையிற மாதிரி ரத்தப்போக்கு, நாத்தம், காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, மூச்சுத்திணறல், தையல் போட்ட எடத்துல சீழ், பிள்ளை பால் குடிக்காம சோந்து கிடக்குறது. பிரஷர் பிரசவத்துக்கு பிறகும் கூடலாம், தலையிடி வொய்ஸ் அவங்களுக்கும் போகும். மனசு பாரமாகி அழுகையா வர்றது, பிள்ளை மேல பிடிப்பில்லாம போறது, தன்னையே காயப்படுத்திக்கணும்னு தோணுறது, இதையும் சொல்லணும், மனநல உதவிக்கு 1926ன்னு ஒரு நம்பர் இருக்கு. 2018ல சட்டத்தை திருத்துன பிறகு எத்தனாவது பிள்ளையா இருந்தாலும் சம்பளத்தோட 84 நாள் பிரசவ லீவுங்கிறதையும் ஒரு வொய்ஸ்ல சொல்லியிருக்கோம், லீவு இல்லன்னு நெனச்சி வேலைக்கி அவசரப்படுற பொம்பளைக்கு அறிகுறி தெரிஞ்சும் பிரயோசனமில்ல.

ஆரம்பிக்கிறவங்களுக்கு தேவையானது ஒரு போன், ஒரு மிஸ், லயத்துக்கு ஒரு நம்பிக்கையான பொம்பளை. எங்க வொய்ஸ் எல்லாத்தையும் கேக்குறவங்களுக்கு அனுப்புறேன், ஆனா அப்புடியே ஃபோர்வர்ட் பண்ணிராதீங்க. நம்பரும் மிஸ் பேரும் ஒங்க ஏரியாவுக்கு மாறும், ஒங்க மிஸ்கிட்ட கேட்டு ஒங்க குரல்லயே பேசுங்க. நான் லீவுல போனா யார் அனுப்புறதுன்னு இப்ப இன்னொரு பிள்ளைக்காம்பிரா தங்கச்சியை பழக்கிக்கிட்டு இருக்கேன், அடுத்த கிழமை இருந்து மாமியாருங்க லிஸ்ட்டை அவ பாப்பா.